தப்புத்தப்பாய் ஒரு ஜெபம்

லிஃப்ட் மெக்கானிக் பதினாறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போய்வந்தான். ஜெபம் பண்ணப் போனான் என்று சொன்னால் அது பொய். பெண்டாட்டி பாடுவதைக் கேட்கப் போனான்.

கடைசி பெஞ்சில், கதவை ஒட்டிய ஓரம் அவனுடைய இடம். பிரசங்கம் நடக்கும்போது எந்தக் கட்டடத்து லிஃப்டுக்குக் கயிறு மாற்ற வேண்டும், எந்தக் கதவு சரியாக மூடவில்லை என்று மனசுக்குள் ஒரு சுற்று போய்வருவான். பாடகர் குழு எழுந்து நின்றதும் நிமிர்ந்து உட்காருவான். மூடிய கதவுக்கு வெளியே நின்றே மோட்டாரில் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிற காது அவனுக்கு. இருபது பேர் சேர்ந்து பாடினாலும் அதில் அவள் குரல் எங்கே ஓடுகிறது என்று அந்தக் காது கண்டுபிடித்துவிடும். கீழே, மற்ற குரல்களையெல்லாம் தாங்கிக்கொண்டு அது ஓடும்.

அவள் மூன்றாம் வகுப்பு டீச்சர். வீட்டிலும் அவன் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவான். ஒரே மகள், அப்போது பன்னிரண்டு வயது.

"உங்களுக்கும் ஆண்டவருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாதா?" என்று அவள் எப்போதாவது கேட்பாள்.

"அதான் நீ பேசுறியே. வீட்டுக்கு ஒருத்தர் போதாதா?" என்பான்.

பள்ளிக்கூட மாடிப்படியைக் கழுவிவிட்டிருந்தார்கள். அது தெரியாமல் இறங்கியவள் பதினோரு படி உருண்டு விழுந்தாள். முதுகெலும்பில் ஆபரேஷன். வலிக்கு மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர், ஆறு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தார். ஆறு வாரத்தில் வலி போய்விட்டது. மாத்திரை போகவில்லை.

"முதல் மாத்திரை போட்ட அன்னிக்கு யாரோ ஒருத்தர் வந்து எனக்குப் போர்வை போத்திவிட்ட மாதிரி இருந்துச்சுங்க," என்று ரொம்ப நாள் கழித்து அவனிடம் சொன்னாள். "அதுக்கு முன்னாடி குளிர்ல இருந்தோம்னே எனக்குத் தெரியாது."

அந்த டாக்டர் மறுத்ததும் இன்னொரு டாக்டர். அவர் சந்தேகப்பட்டதும் வேறொருவர். சாயங்காலம் நோட்டு திருத்திக்கொண்டிருக்கும்போதே பேனா கையில் இருக்கத் தலை தொங்கிவிடும். சமையல் பாதியில் நிற்கும். கேட்டால் "அசதி" என்பாள். அவனும் அசதி என்றே நம்பினான். நம்புவது சுலபமாக இருந்தது.

ஒரு ஞாயிறு அவள் தனியாகப் பாட வேண்டிய பாட்டு. முதல் சரணம் நன்றாகவே போனது. இரண்டாம் சரணத்தில் ஒரு வரி முடிந்தது, அடுத்த வரி வரவில்லை. கண் பாதி மூடியபடி, லேசாக ஆடிக்கொண்டு, எங்கேயோ நிற்கிறவள் போல நின்றாள். குழுத் தலைவர் சட்டென்று கையை வீசி எல்லோரையும் பாட வைத்துச் சமாளித்தார். கடைசி பெஞ்சில் மெக்கானிக் எழுந்து நின்றுவிட்டான். எதற்கு எழுந்தான், எழுந்து என்ன செய்யப் போகிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. அடுத்த வாரம் கழுத்து வலி என்றாள். அதற்கடுத்த வாரம் ஒன்றும் சொல்லவில்லை, போகவும் இல்லை.

பழுது எங்கே என்று தேடுவதுதானே அவன் பிழைப்பு? வீட்டையும் அப்படியே தேட ஆரம்பித்தான். துணி துவைக்கிற மெஷினுக்குப் பின்னால் ஒரு மாத்திரை அட்டை, சாக்பீஸ் டப்பாவில் ஒன்று, பழைய மழைக்கோட்டின் பையில் இரண்டு. கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க அவள் இன்னும் கெட்டிக்காரத்தனமாக ஒளித்தாள். ஒரு நாள் எல்லாவற்றையும் கழிவறையில் கொட்டித் தண்ணீர் விட்டான். இரண்டு நாள் அவள் உடம்பு வேர்த்து நடுங்கியதைப் பார்த்துத் தாங்காமல், மூன்றாம் நாள் அவனே அவளை வண்டியில் ஏற்றி டாக்டரிடம் ஓடினான். "மகமேல சத்தியமா இனிமே தொட மாட்டேன்," என்று அழுதாள். அழுதது நிஜம். சத்தியம் ஒன்பது நாள் நின்றது.

ஊருக்கு வெளியே, இரண்டு மணி நேரப் பயணத்தில் ஒரு மறுவாழ்வு இல்லம். அங்கே ஆறு வாரம் இருந்துவிட்டு வந்தாள். முகம் தெளிந்திருந்தது. மகளுக்குத் தலை பின்னிவிட்டாள், காய் நறுக்கினாள், அவன் சொன்ன சப்பை ஜோக்குக்குக்கூடச் சிரித்தாள். அவன் தேடுவதை நிறுத்தியிருந்த ஐந்தாவது வாரத்தில் மருந்துக்கடைக்காரர் ஃபோன் பண்ணினார்.

"சார், உங்க பொண்ணு ஒரு சீட்டு எடுத்துட்டு வந்திருக்கு. அதுல பத்துங்கறதை யாரோ எழுபதாத் திருத்தியிருக்காங்க."

அன்றைக்கு அவன் போட்ட கூச்சல் அந்தத் தெருவுக்கே கேட்டது. மகள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, "நான்தாம்பா போனேன், என்னைத் திட்டுங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். டீச்சர் விடிந்ததும் ஒரு பையில் துணியை அடுக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னை மறுபடியும் அங்க கொண்டுபோய் விட்டுருங்க. ரெண்டு பேரும் பார்க்க வராதீங்க. பிள்ளையை அனுப்பினவ நான். இந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உங்க முன்னாடி நிக்க முடியல."

அந்த இல்லத்தில் வியாழக்கிழமை சாயங்காலம் நாலிலிருந்து ஆறுவரை வீட்டோடு பேசலாம். லிஃப்ட் ஓடுகிற சுரங்கத்துக்குள் ஃபோன் எடுக்காது. அதனால் வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு மேல் மெக்கானிக் எந்த வேலைக்கும் உள்ளே இறங்குவதில்லை. கம்பெனியில் கேட்டால் கணக்கெழுத வேண்டும், சாமான் எடுக்க வேண்டும் என்று எதையாவது சொல்லுவான். தரைத்தளத்தில், சிக்னல் நன்றாக வருகிற ஜன்னல் பக்கம் ஸ்டூலைப் போட்டு, ஃபோனை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஆறு மணி ஆகும். எழுந்து ஸ்டூலை இடத்தில் வைப்பான். அவள் கூப்பிட்டதில்லை.

வீட்டில் அவள் இல்லாதது ஒரு பக்கம் என்றால், அவள் இருந்த நாட்களிலும் அவள் இல்லாமல் போயிருந்தது இப்போதுதான் உறைத்தது. அவளோடு பேசி ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. பேசியதெல்லாம் மாத்திரையைப் பற்றித்தான். பல் தேய்த்துக்கொண்டே முணுமுணுக்கிற பாட்டு, சிவப்பு மைக் கறை படிந்த நடுவிரல், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுகிற பள்ளிக்கூடக் கதைகள். இதெல்லாம் வேண்டும்போல இருந்தது. பசி மாதிரி, நேரத்துக்கு நேரம் வந்தது.

சர்ச்சுக்குப் போவதை விட்டுவிடலாம் என்று பார்த்தான். மகள் விடவில்லை. "அம்மா இடம் காலியா இருக்கு. நம்ம இடமும் காலியா இருக்கணுமா?" என்றாள். போனார்கள். குழு எழுந்து பாடும்போது அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே தாங்குகிற குரல் இல்லாமல் பாட்டு அந்தரத்தில் தொங்கியது. மற்றவர்களுக்கு அப்படித் தோன்றியதா என்று தெரியவில்லை.

அந்த சர்ச்சில் வயசானவர்களுக்கும் சக்கர நாற்காலிக்காரர்களுக்கும் என்று ஒரு சின்ன லிஃப்ட் உண்டு. கீழே கோயில், மேலே கூடம். ஒரு புதன்கிழமை காலையில் அது நின்றுவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். மெக்கானிக் போனான். பழுதுப் பலகையை வாசலில் வைத்துவிட்டு, கதவைத் திறந்து, லிஃப்டுக்கு அடியிலிருக்கும் குழிக்குள் இறங்கினான். நெஞ்சளவு ஆழம். மேல்தளத்துக் கதவிடுக்கு வழியாக விழுகிறதெல்லாம் அங்கேதான் வந்து சேரும். தலை ஊசி, மிட்டாய்க் காகிதம், பேனா மூடி. அவற்றை ஒதுக்கும்போது மடிந்த காகிதம் ஒன்று கையில் பட்டது. பாட்டு எழுதிய ஜெராக்ஸ் தாள். கூடத்தில்தான் குழு பயிற்சி செய்யும். இரண்டாம் சரணத்துக்குப் பக்கத்தில் பென்சிலால், வரி தவறாத டீச்சர் கையெழுத்தில் எழுதியிருந்தது: "இங்கே மூச்சு விடு."

அவன் அங்கேயே சுவரில் சாய்ந்து சரிந்துவிட்டான். எண்ணெய்க் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். பிறகு, இன்னதென்று தெரியாமலே பேச ஆரம்பித்தான்.

"ஆண்டவரே, உங்களை எப்படிக் கூப்பிடணும்னுகூட எனக்குத் தெரியாது. நான் டீச்சரோட வீட்டுக்காரன். கடைசி பெஞ்ச். பதினாறு வருஷமா வர்றேன், ஒரு வார்த்தை பேசினதில்ல. இப்ப காரியத்துக்கு வந்து நிக்கிறேன், கோவிச்சுக்காதீங்க. எங்கிட்ட இருக்கிற சாமானையெல்லாம் வச்சுப் பாத்துட்டேன். மிரட்டினேன், கெஞ்சினேன், பூட்டி வச்சேன். எதுவும் சரியா வரல. எனக்கு அவ வேணும். பழைய மாதிரி வேணும். அது ஆகாதுன்னா எந்த மாதிரியாவது உயிரோட வேணும். அவ்வளவுதான். இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல."

மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது. "அண்ணே, முடிச்சிட்டீங்களா, இல்ல இன்னும் இருக்கா? இருந்தா நான் அப்புறமா வர்றேன்."

நிமிர்ந்து பார்த்தான். கதவு வழியாக ஒரு நீளமான கழுத்தும் அதன் நுனியில் ஒரு முகமும் தொங்கின. டாக்ஸி ஓட்டுகிறவன். ஆறடிக்கு மேல் உயரம், கூன் விழுந்த நடை. சர்ச்சில் எல்லோரும் அவனை ஒட்டகம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவனும் அதற்கே திரும்பிப் பார்ப்பான். இரண்டு கையிலும் மடக்கு நாற்காலிகளைப் பிடித்திருந்தான்.

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?"

"கடைசி பெஞ்ச்ல இருந்து," என்றான் ஒட்டகம். நாற்காலிகளைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டான். "எங்க அண்ணன் குடிப்பாரு. பதினெட்டு வருஷமா. சனிக்கிழமை நாலு மணிக்கு நாங்க ஏழெட்டுப் பேர் மேல கூடுவோம். குடிக்கிறவங்க இல்ல, குடிக்கிறவங்களோட குடியிருக்கிறவங்க. மாத்திரைக்காரங்க வீட்டு ஆளும் வரலாம், தடையில்ல."

"உங்க அண்ணன் நிறுத்திட்டாரா?"

"எங்க? முந்தாநாள்தான் பஸ் ஸ்டாப்ல இருந்து தூக்கிட்டு வந்தேன்."

"அப்புறம் ஜெபம் பண்ணி என்ன பிரயோஜனம்?" கொஞ்சம் கோபமாகவே கேட்டான்.

ஒட்டகம் யோசித்தான். "அவர் குடிச்சா நான் சாப்பிட மாட்டேன், தூங்க மாட்டேன். எந்நேரமும் அவர் பாக்கெட்டை மோந்து பார்க்கிறதே வேலை. ஏழு வருஷம் எங்க அண்ணனை வேவு பார்த்தேன். அண்ணனாப் பார்க்கல. ஒரு நாள் முடியாம, 'இவரை நீர் பார்த்துக்கும், என்னால ஆகல'ன்னு ஆண்டவர்கிட்ட சொன்னேன். ஆண்டவரும் அவரைக் கைவிடலைன்னு நம்பினதுக்கப்புறம்தான், எனக்கு எங்க அண்ணனை மறுபடியும் பிடிக்க ஆரம்பிச்சுது. பஸ் ஸ்டாப்ல இருந்து தூக்கினப்ப, 'தம்பி, நீ ரொம்ப உசரம்டா, தலை சுத்துது'ன்னாரு. சிரிச்சுட்டேன். முன்னாடின்னா அறைஞ்சிருப்பேன்."

மெக்கானிக் எழுந்து, கதவுப் பூட்டின் தேய்ந்த தகட்டை மாற்றினான். லிஃப்ட் ஓடியதும் ஒட்டகத்தையும் நாற்காலிகளையும் ஏற்றி அனுப்பினான். சனிக்கிழமை நாலு மணிக்கு அவனே அதில் ஏறிப் போனான்.

ஏழு பேர்தான் இருந்தார்கள். பேக்கரியில் வேலை செய்யும் ஒரு பெண், அவள் புருஷனுக்குச் சூதும் சாராயமும். ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர், மகனுக்கு ஊசிப் பழக்கம். போதகரும் வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார், பிரசங்கம் எதுவும் பண்ணவில்லை. ஒருவர் பேச மற்றவர்கள் கேட்டார்கள். யாரும் யாருக்கும் வழி சொல்லவில்லை. முடிவில் அவரவர் வீட்டில் இருக்கிற அந்த ஒருவரின் பேரைச் சொல்லி ஜெபித்தார்கள். மூன்று வாரம் மெக்கானிக் வாயே திறக்கவில்லை. நாலாவது வாரம், "என் வீட்டுக்காரி நல்லாப் பாடுவா," என்றான். அதற்கு மேல் வரவில்லை. பேக்கரிப் பெண் அவனிடம் தண்ணீர் டம்ளரை நகர்த்திவைத்தாள்.

காலையில் வேனைக் கிளப்புவதற்கு முன்னால் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இரண்டு நிமிஷம் ஜெபிக்கப் பழகினான். கம்பெனிக்கு ரிப்போர்ட் கொடுப்பதுபோலத்தான் இருக்கும். "நேத்து இப்படி, இன்னிக்கு இப்படி, அவ எப்படி இருக்கான்னு தெரியல, நீங்க பாத்துக்கங்க." பதில் எதுவும் வரவில்லை. ஆனால் வேனில் தனியாக இருக்கிறோம் என்ற எண்ணம் மெல்லப் போயிற்று. இல்லத்து ஆபீசுக்குத் தினம் ஃபோன் பண்ணி அவளைப் பற்றித் துருவுவதை விட்டான். அதற்குப் பதில் வாரம் ஒரு கடிதம் எழுதினான்.

கடிதத்தில் மாத்திரையைப் பற்றி ஒரு வரி இல்லை. எப்போது வருவாய் என்றும் இல்லை. மகள் கணக்கில் வாங்கிய மார்க், ஒட்டகம் தலையை இடித்துக்கொண்ட கதவு, இப்படித்தான் இருக்கும். ஒரு தடவை, ஏழாவது மாடியில் மாட்டிக்கொண்ட பெரியவரைப் பற்றி எழுதினான். முக்கால் மணி நேரம் பாடுபட்டுக் கதவைத் திறந்தால், "தம்பி, இன்னும் பத்து நிமிஷம் இப்படியே இருக்கட்டுமே, வீட்ல மருமகளோட சண்டை," என்றாராம். கடைசியில் எப்போதும் ஒரே வரி: "ஜெபம் பண்றேன். சரியாப் பண்றேனான்னு தெரியல."

கடிதம் எழுத ஆரம்பித்தபின் ஒன்பதாவது வியாழக்கிழமை, ஐந்தே காலுக்கு ஃபோன் அடித்தது.

"ஏங்க."

"டீச்சர்."

அவன் ஸ்டூலை விட்டு எழுந்து ஜன்னலை ஒட்டி நின்றான்.

"அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனாரா, இல்லையா?"

"போனாரு. மருமக வாசல்லயே நின்னு அழுதுட்டிருந்தா, மாமா எங்க போயிட்டாரோன்னு."

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு வந்து உடைந்தது. "எனக்கு ஜெபம் பண்ண வரலைங்க. எல்லாரும் பண்றாங்க, நான் சும்மா உக்காந்திருக்கேன். இவ்வளவு பொய் சொன்ன வாய். அதைத் திறந்து அவர்கிட்ட என்ன சொல்றது?"

"நீ பண்ண வேண்டாம்," என்றான். "நான்தான் பண்றேனே. தப்புத்தப்பா வருது, ஆனா விடாம பண்றேன். நீ சாப்பிடு, தூங்கு."

அவள் அழுததைக் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தான். என்ன சொல்லி நிறுத்துவது என்று அவனுக்கு அவசரமே வரவில்லை.

ஐந்து மாதம் கழித்து வந்தாள். இளைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் வகுப்பு கொடுக்கவில்லை, நூலகத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். முதல் வேலையாக மகளை உட்காரவைத்து, "உன்னை அந்தச் சீட்டோட அனுப்பினது நான் செஞ்ச பாவம். உன் தப்பு அதுல ஒண்ணுமில்ல," என்றாள். ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழு எழுந்தபோது அவள் கைகள் மடியில் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தன. பாடு என்று சொல்ல அவனுக்கு நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. தோளோடு தோள் உரச உட்கார்ந்திருக்கிறவளுக்காக ஒருவன் இவ்வளவு ஏங்க முடியுமா என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

எட்டு மாதம் ஓடியது. ஒரு மத்தியானம் வேலை சீக்கிரம் முடிந்து வீட்டுக்கு வந்தான். சாப்பாட்டு மேஜையில் ஒரு மாத்திரை அட்டையை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பல் பிடுங்கினப்ப கொடுத்தாங்க. வேண்டாம்னு சொல்லியிருக்கணும், சொல்லல. நேத்து ரெண்டு, இன்னிக்கு ரெண்டு போட்டேன். மிச்சத்தை ஒளிச்சு வச்சேன். அப்புறம் நானே எடுத்து இங்க வச்சேன்."

அவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"திட்டலையா?"

"திட்டணும்னுதான் இருக்கு. கொஞ்சம் இரு." சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில் கையை நீட்டிக்கொண்டு நின்றான். உதடு அசைந்தது. திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்தான். "சொல்லு. என்ன செய்யலாம்?"

"இல்லத்துக்கு நானே ஃபோன் பண்ணிட்டேன். மூணு வாரம் வரச் சொன்னாங்க. இப்பவே கூட்டிட்டுப் போங்க, நாளைக்குன்னா மனசு மாறிடும்."

பள்ளிவிட்டு வந்த மகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். மகள் பின்னால் சாமான் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டாள். இல்லத்து வாசலில் வேன் நின்றதும் டீச்சர் இறங்கவில்லை.

"ஜெபம் பண்ணுங்க."

"இங்கேயா? வாட்ச்மேன் பாக்கிறாரு."

"பாக்கட்டும்."

கண்ணை மூடினான். "ஆண்டவரே, இவளை மறுபடியும் கொண்டுவந்திருக்கோம். அவளேதான் சொன்னா, அதுக்கு நன்றி. உள்ள உங்க... உங்களோட... கை..."

"உம்முடைய கரம்னு சொல்லணும்," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

"சரி. உம்முடைய கரம் இருக்கட்டும், சார்."

பின்னால் மகள் பொங்கி வந்த சிரிப்பை அடக்க முடியாமல் திணறினாள். டீச்சரும் சிரித்தாள், கன்னத்தில் கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். ஆமென் சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள். கதவுக்குள் போகும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மகள் முன்சீட்டுக்கு வந்தாள். பாதி வழியில் கேட்டாள். "அம்மா வந்துருவாங்கல்லப்பா?"

"மூணு வாரத்துல வந்துருவா."

"அதைக் கேட்கலப்பா."

அவனுக்குப் புரிந்தது. "தெரியலைம்மா. நம்மளும் கேட்டுட்டே இருக்கோம், ஆண்டவரும் விடல. எனக்கு அது வரைக்கும்தான் தெரியும்."

மகள் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டாள். அப்புறம், பசிக்கிறது என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிவிட்டன. அவள் மாத்திரையைத் தொடவில்லை. நாளைக்கு எப்படியோ என்று அவளே சொல்லுவாள், அவனும் வாதாடுவதில்லை. படியில் விழுவதற்கு முன்னால் இருந்தவள் திரும்பி வரவில்லை. அவளை அவன் இன்னும் சில மத்தியானங்களில் தேடுவான். வந்திருப்பவள் மெதுவாக நடக்கிறாள், கேட்டதற்கு உடனே உண்மையைச் சொல்கிறாள்.

இப்போது காலை ஜெபம் வேனில் இல்லை, சாப்பாட்டு மேஜையில். அவன் பேசுவான், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள், முடிவில் ஆமென் மட்டும் சொல்லுவாள். போன மாதம் ஒரு நாள் ஆமென் சொல்லிவிட்டு அவன் எழுந்தபோது, அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"இருங்க," என்றாள். "இன்னிக்கு நான் கொஞ்சம் பேசணும்."

வேலைக்கு நேரமாகியிருந்தது. அவன் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.